நைனா வண்டியின் முன் பிரேக்

நைனாவின் மோட்டார் சைக்கிளில் வலது கைப்பிடிக்கு முன்னால் நீட்டிக்கொண்டிருந்த பிரேக் லிவரை அமுக்கினால், அது எந்த எதிர்ப்பும் காட்டாமல் வந்து கைப்பிடி ரப்பரில் மோதி, கதவுத் தாழ்ப்பாள் விழுவதுபோல 'டொக்' என்று ஒரு சத்தம் போடும். வண்டி பூவரச மரத்தடியில் நிற்கும்போதெல்லாம் நான் அதன் டேங்க் மேல் ஏறி உட்கார்ந்து, இரண்டு கைகளாலும் அந்த லிவரை இழுத்து 'டொக், டொக்' என்று விளையாடிக்கொண்டிருப்பேன். விளையாடி முடித்ததும் உள்ளங்கையில் இரும்பும் இறாலும் கலந்த ஒரு வாடை ஒட்டிக்கொண்டிருக்கும், சீயக்காய் போட்டுத் தேய்த்தாலும் போகாது. நைனாவின் வலது கையும் எப்போதும் அதே வாடைதான் அடித்தது. எனக்குச் சாதம் ஊட்டிய கை அது என்பதால், அந்த வாடை எனக்கு அருவருப்பாக இருந்ததே இல்லை.

பழவேற்காடு ஏரிக்கரையில் ஒரு சின்னக் குப்பம் எங்களுடையது. எழுபதுகளில், கும்மிடிப்பூண்டிப் பக்கம் முள்ளுக்காட்டை வெட்டிவிட்டு ஒவ்வொன்றாக ஃபாக்டரிகள் முளைத்துக்கொண்டிருந்த நாட்கள். எங்கள் பக்கம் அப்பாவை 'நைனா' என்றுதான் கூப்பிடுவோம். நைனா படகுகளிலிருந்து இறாலை எடுத்து, ஐஸ் போட்டுக் கட்டி, பொன்னேரி ஸ்டேஷனில் மெட்ராஸ் போகும் ரயிலில் ஏற்றிவிடும் வேலை செய்தார். அதற்காகத்தான் அந்த வண்டி. பட்டாளத்துக்காரர்கள் ஓட்டித் தேய்த்துக் கழித்துவிட்டதை யாரோ வாங்கி, அவரிடமிருந்து இன்னும் யாரோ வாங்கி, கடைசியில் எங்கள் வீட்டு வாசலுக்கு வந்து சேர்ந்த 'டிஸ்போசல்' வண்டி. பின்னால் இரண்டு பக்கமும் மூங்கில் கூடைகளைக் கட்டிக்கொண்டு அது போகும்போது, ஐஸ் உருகி வழியும் தண்ணீர் ரோட்டில் ஒரு ஈரக்கோடு போட்டுக்கொண்டே போகும். குப்பத்து நாய்கள் அந்தக் கோட்டை முகர்ந்தபடி தார் ரோடு வரை வழியனுப்பிவிட்டுத் திரும்பும்.

முன் பிரேக் பழுதாகி அப்படித் தொளதொளத்துப் போகவில்லை என்பதை இங்கேயே சொல்லிவிட வேண்டும். நைனாதான் தன் கையால் அதைத் தளர்த்தி வைத்திருந்தார். எங்கள் கரையில் அப்போது வண்டி ஓட்டியவர்கள் நாலைந்து பேர் இருப்பார்கள். எதிலும் ஒத்துப்போகாத அந்த நாலைந்து பேரும் இந்த ஒரு விஷயத்தில் மட்டும் ஒரே குரலில் பேசினார்கள். முன் பிரேக்கைப் பிடித்தால் வண்டி குட்டிக்கரணம் அடிக்கும், ஆள் குப்புற விழுவான் என்பார்கள். அப்படி விழுந்தவனை யார் பார்த்தது என்று கேட்டால் ஆரம்பாக்கத்தில் ஒருவன், தடாவில் ஒருவன் என்று ஆந்திரா பக்கமாகக் கை காட்டுவார்களே தவிர, நேரில் பார்த்தவர் ஒருவரும் இல்லை. ஆனாலும் வண்டி வாங்கியதும் முதல் காரியமாக முன் பிரேக் ஒயரின் நட்டைக் கடைசி மரை வரை தளர்த்திவிடுவது அவர்களுக்கு வண்டிக்குப் பொட்டு வைப்பதுபோல ஒரு சடங்காகவே ஆகிவிட்டிருந்தது. தெரியாத்தனமாகக் கை பட்டுவிட்டால்கூட ஒன்றும் ஆகக்கூடாது பாருங்கள், அதற்காக.

அவர்கள் யோசிக்காத ஒன்று உண்டு. லிவரை அங்கேயே விட்டுவைத்தால் கை சும்மா இருக்காது. வண்டியை நிறுத்த வேண்டும் என்று தோன்றியதும் நைனாவின் கால் பின் பிரேக்கை மிதிக்கும், அதே நேரம் இரண்டு கைகளும் எதிரில் இருப்பதையெல்லாம் இறுக்கிப் பிடிக்கும், இடது கையில் கிளட்ச், வலது கையில் இந்த உதவாத லிவர். டேங்க் மேல் உட்கார்ந்துகொண்டு எத்தனையோ முறை நான் அதைப் பக்கத்தில் பார்த்திருக்கிறேன். விரல் முட்டிகள் வெளுத்துப்போகும் அளவுக்கு, துடுப்புப் போட்டுக் காய்த்த அந்தக் கையின் முழு பலமும் அதில் இறங்கும். ஒன்றும் நடக்காது, 'டொக்' என்று சத்தம் மட்டும் வரும். நைனாவுக்கு அது பிரேக்காக இல்லை, ஒரு பிடிமானமாக இருந்தது. வருடக்கணக்காக அந்தக் கை அப்படியே பழகிவிட்டது.

பிரேக் என்று வேலை செய்தது பின்னால் இருந்த கால் பிரேக் ஒன்றுதான். அதுவும் கூடைகளிலிருந்து சொட்டிய உப்புத் தண்ணீர் சக்கரத்தில் இறங்கி இறங்கி, பாரம் ஏற்றிய நேரத்தில்தான் சரியாகக் கைவிடும். ஒரு வருடம் மார்கழியில் ஒருநாள், பொன்னேரி ரயில்வே கேட் சாத்தியிருக்க, எதிரே ஒரு வைக்கோல் வண்டி நிற்க, நைனா பிரேக்கின்மேல் ஏறி நின்றும் வண்டி நிற்காமல் போய் வைக்கோலில் முட்டியது. வைக்கோல் என்பதால் பிழைத்தார். முழங்காலில் எலும்பு தெரியச் சிராய்ப்போடு நொண்டிக்கொண்டு வீட்டுக்கு வந்து, "ஒண்ணுமில்ல கண்ணு, மாட்டுக்குத் தீனி குடுக்கலாமேன்னு போனேன்" என்று என்னிடம் சிரித்தார். நான் சிரிக்கவில்லை. அன்றைக்கு அவர் காலில் அம்மா மஞ்சள் அரைத்து வைக்கும்போது உள்ளே தெரிந்த வெள்ளை இன்னும் என் கண்ணுக்குள் இருக்கிறது. வைக்கோல் வண்டிக்குப் பதில் ரயிலாக இருந்திருந்தால் என்று நினைத்து நினைத்து, பத்து வயதில் நான் சரியாகச் சாப்பிடாமல் போனேன்.

என் அண்ணன் ஏழுமலைக்கு அப்போது பத்தொன்பது வயது. எங்கள் குப்பத்தில் வலையை விட்டுவிட்டுக் கும்மிடிப்பூண்டி ஃபாக்டரிக்குப் போன முதல் ஆள் அவன்தான். ஃபிட்டருக்கு உதவியாளாகச் சேர்ந்து, ஒன்றரை வருடத்துக்குள் தனியாக ஒரு மெஷினைக் கழற்றி மாட்டும் அளவுக்குத் தேறியிருந்தான். காக்கிச் சட்டைப் பையில் எப்போதும் ஒரு சின்ன ஸ்பேனர் இருக்கும். வீட்டில் ஆடிய கட்டில், ஒழுகிய பம்பு, அம்மாவின் தராசு எல்லாம் அவன் கை பட்டுச் சரியாயின. கேட்டில் நடந்ததைக் கேட்டதும் அவன் நேராக வண்டியிடம் போய் முன் லிவரை அமுக்கிப் பார்த்துவிட்டு வந்து, சாப்பிட்டுக்கொண்டிருந்த நைனாவிடம் சண்டைக்கு நின்றான்.

"முன்னாடி பிரேக்குதான் நைனா வண்டிய நிறுத்தும். பின்னாடி இருக்கிறது சும்மா தொணைக்கி. நீ அத்தப் போயி அவுத்து வுட்டுக்கினு இருக்கியே!"

"நேத்து ஃபாக்டரிக்குப் போனவன் எனக்கு வண்டி ஓட்டச் சொல்லிக் குடுக்கிறியா? முன்னாடி புடிச்சா மூஞ்சி பேந்துடும்டா."

"புடிக்கிற மாதிரி புடிச்சா ஒண்ணும் ஆவாது. மெதுவா புடிக்கணும்."

"ஆபத்துன்னு வரும்போது எவண்டா மெதுவா புடிப்பான்?" என்றார் நைனா. சொல்லிவிட்டுக் கை கழுவப் போய்விட்டார்.

 இன்றைக்கு நினைத்தால், இரண்டு பேர் சொன்னதும் சரிதான். ஆனால் எனக்கு அன்று நைனாவின் முழங்கால் மட்டும்தான் கண்ணில் நின்றது. அதனால் தை பிறந்து ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில், "பாப்பா, வரியா? நைனா எழுந்திருக்கிறதுக்குள்ள முடிச்சிடலாம்" என்று அண்ணன் கூப்பிட்டபோது, நான் ஒரு நொடிகூட யோசிக்கவில்லை.

விடிகாலை இறாலை ஏற்றிவிட்டு வந்து, நாஷ்டா சாப்பிட்டுப் படுத்தால் நைனா மதியம் மூன்று மணி வரை அசைய மாட்டார். அம்மா கூடையோடு ஊருக்குள் மீன் விற்கப் போயிருந்தாள். நாங்கள் வண்டியை மரத்தடியிலிருந்து பின்பக்கம் தள்ளிக்கொண்டு போய், என்ஜினுக்கு அடியில் கல்லை அண்டக்கொடுத்து முன்சக்கரத்தைத் தூக்கினோம். ஒயரைக் கழற்றி, அச்சைத் தட்டி எடுத்து, சக்கரத்தைப் படுக்க வைத்ததும், அதன் வயிற்றிலிருந்து ஒரு தட்டு தனியாக வந்தது. தட்டின் மேல் இரண்டு பிறைகள்போலப் பிரேக் கட்டைகள். தேய்ந்திருக்கும் என்று நான் நினைத்தேன். தேயவே இல்லை. வேலையே செய்யாத அந்தக் கட்டைகளின் முகம், அச்சிலிருந்து கசிந்த கிரீஸும் தூசியும் படிந்து, கடப்பைக் கல் மாதிரி வழவழவென்று மின்னிக்கொண்டிருந்தது.

அண்ணன் பெட்ரோலை ஒரு கொட்டாங்கச்சியில் ஊற்றித் துணியால் அவற்றைக் கழுவினான். பிறகு உப்புத்தாளை இரண்டாகக் கிழித்து ஒன்றை என்னிடம் கொடுத்தான். நான் கட்டைகளைத் தேய்த்தேன், அவன் சக்கரத்தின் உள்வட்டத்தைத் தேய்த்தான். மின்னியதெல்லாம் போய், தொட்டால் விரலைப் பிடிக்கிற சொரசொரப்பு வரும்வரை தேய்க்கச் சொன்னான். எனக்கு விரல் நுனி எரிந்தது, ஆனால் அவ்வளவு சந்தோஷமாக இருந்தது. நைனாவின் உயிரையே என் கையில் வைத்துத் தேய்த்துக்கொண்டிருக்கிறேன் என்று தோன்றியது, சத்தியமாக அப்படித்தான் தோன்றியது. திரும்ப மாட்டி, தளர்ந்திருந்த ஒயர் நட்டையும் முறுக்கிய பிறகு, அண்ணன் என்னை டேங்க் மேல் ஏற்றி லிவரை இரண்டு கைகளாலும் இழுத்துப் பிடிக்கச் சொன்னான். கட்டைகள் வட்டத்தோடு சரியாகப் பொருந்தி நிற்கும்போதே அச்சு நட்டை இறுக்க வேண்டுமாம். "வுடாத, வுடாத, வுடாத" என்று அவன் கீழேயிருந்து சொல்லிக்கொண்டே முறுக்க, நான் பல்லைக் கடித்துக்கொண்டு தொங்கினேன். அன்றைக்கு முதல்முறையாக அந்த லிவர் 'டொக்' என்று சத்தம் போடவில்லை. பாதி வழியிலேயே நின்றது.

எல்லாம் முடிந்தபோது சாக்கின் மேல் ஒரு வாஷர் மிச்சம் இருந்தது. நாலணாக் காசு அளவில், துருப்பிடித்த ஒற்றை வாஷர். அண்ணன் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். வண்டியிலிருந்து விழுந்ததா, ஸ்பேனர் கட்டியிருந்த துணியிலிருந்து விழுந்ததா என்று அவனுக்குத் தெரியவில்லை. இன்னொரு முறை கழற்றிப் பார்க்க நேரம் இல்லை, மதிய ஷிப்டுக்குச் சைக்கிளில் பொன்னேரி போய் ரயில் பிடிக்க வேண்டும். சக்கரத்தைத் தூக்கிச் சுற்றிவிட்டான், ராட்டினம்போலச் சுற்றியது. லிவரைத் தொட்டான், நின்றது. விட்டான், மறுபடி சுற்றியது. "பரவால்ல" என்று சொல்லி வாஷரைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டான். பிறகு என்னை டேங்க் மேல் வைத்து வண்டியைத் தள்ளிக்கொண்டு ஓடி, "இப்போ புடி!" என்றான். நான் நைனா மாதிரியே முழு பலத்தோடு பிடித்தேன். வண்டி ஆணி அடித்ததுபோல நின்றது. நான் முன்னால் சரிந்து ஹேண்டிலில் நெஞ்சை இடித்துக்கொண்டேன்.

"பாத்தியா?" என்றான் அண்ணன். அவன் முகத்தில் சிரிப்பு இல்லை. "இத்தத்தான் நைனாகிட்ட சொல்லணும். அவரு எழுந்ததும் மொத வேலையா சொல்லிடு. பிரேக்கு டைட்டா இருக்குது, ரெண்டு வெரலு போதும், மெதுவாப் புடிக்கச் சொன்னான்னு சொல்லு. திட்டனா திட்டட்டும், நான் வந்து வாங்கிக்கிறேன். சொல்லிடுவ இல்ல?"

"சொல்லிடறேன் அண்ணா."

"மறக்காத பாப்பா."

நான் மறக்கவில்லை. இந்தக் கட்டுரையில் எழுதுவதற்கு மிகவும் கடினமான வாக்கியம் இதுதான், மறந்துவிட்டேன் என்று எழுதினால் எவ்வளவு சுலபமாக இருக்கும். அண்ணன் வண்டியைப் பழைய இடத்திலேயே நிறுத்திவிட்டுப் போன பிறகு, நான் அது முழுவதையும் துணி வைத்துத் துடைத்துப் பளபளவென்று ஆக்கி, அதன் பக்கத்தில் உட்கார்ந்து காத்திருந்தேன். மூன்று மணிக்கு நைனா எழுந்து வந்து முகம் கழுவினார். வண்டியைப் பார்த்ததும் அப்படியே நின்றுவிட்டார். "அட! என் பொண்ணா தொடச்சிக்கீது? புது வண்டி மாதிரி இருக்குதே" என்று என் தலையைப் பிடித்து ஆட்டினார். வாய் வரைக்கும் வந்தது. சொன்னால் என்ன நடக்கும் என்று எனக்கு நன்றாகத் தெரியும். அவர் முகம் மாறும், அண்ணனைத் திட்டுவார், ஸ்பேனரை எடுத்து நட்டைக் கடைசி மரை வரை தளர்த்திவிட்டுத்தான் கிளம்புவார். என் விரல் எரிந்ததெல்லாம் வீண், அண்ணன் செய்ததெல்லாம் வீண், அடுத்த முறை கேட்டில் அவரைக் காப்பாற்ற வைக்கோல் வண்டி நிற்காது. சொல்லாவிட்டால் பிரேக் அப்படியே இருக்கும். சாயங்காலம் அவர் நல்லபடியாகத் திரும்பி வந்ததும், "பாத்தியா நைனா, இவ்ளோ நேரம் முன் பிரேக்கோடதான் ஓட்டினே" என்று சொல்லி அவரை ஜெயித்துவிடலாம் என்று கணக்குப் போட்டேன். அதைப் போட்டது பத்து வயதுப் புத்தி.

காலிக் கூடைகளைக் கட்டிக்கொண்டு, பொன்னேரியிலிருந்து ஐஸ் எடுத்து வர அவர் கிளம்பினார். எங்கள் குப்பத்து வழி முழுக்க மணல், மணலில் வண்டிக்குப் பிரேக்கே தேவைப்படாது, முறுக்கிய ஆக்ஸிலேட்டரை விட்டாலே நின்றுவிடும். அதனால் தார் ரோடு ஏறும்வரை அந்தக் கைக்கு வேலை வரவில்லை. நான் மண்மேட்டில் ஏறி நின்று, சவுக்குத் தோப்புக்குப் பின்னால் வண்டிச் சத்தம் தேய்ந்து மறையும்வரை பார்த்துக்கொண்டிருந்தேன். சொல்லிவிடலாமா என்று ஓடக்கூட ஆரம்பித்தேன், பத்தடி ஓடியிருப்பேன். அதற்குள் சத்தம் போய்விட்டது.

தை மாதத்தில் எங்கள் பக்கம் அறுத்த நெற்கதிரைத் தார் ரோட்டில் பரப்பிவிடுவார்கள். போகிற வருகிற வண்டிச் சக்கரம் ஏறி மணி உதிரும், பெண்கள் ஓரத்தில் உட்கார்ந்திருந்து வண்டி போனதும் ஓடிவந்து புரட்டிவிடுவார்கள். தார் ரோடு ஏறி முதல் வளைவு தாண்டியதும் அப்படி ஒருத்தி, இடுப்பில் குழந்தையோடு நடு ரோட்டில் குனிந்து கதிரைப் புரட்டிக்கொண்டிருந்தாள். நைனா அவளைப் பார்த்திருக்கிறார். கால் மிதித்தது, கைகள் இரண்டும் வழக்கம்போலப் பிடித்தன. கதிர் பரப்பிய இடத்துக்குச் சற்று முன்னால், காய்ந்த தாரில் முன்சக்கரம் அப்படியே நின்றுபோய், ஹேண்டில் முறுக்கிக்கொண்டு வண்டி சாய, நைனா தூக்கி எறியப்பட்டு ரோட்டோரப் பர்லாங் கல்லில் போய் விழுந்தார். அங்கிருந்த பெண்கள் பிறகு எங்கள் அம்மாவிடம் அழுதுகொண்டே சொன்ன ஒரு வாக்கியத்தை நான் ஆயிரம் முறையாவது எனக்குள் சொல்லிப் பார்த்திருப்பேன்: "வண்டி நின்னுடிச்சிம்மா. அவருதான் நிக்கல."

மெட்ராஸ் பெரியாஸ்பத்திரியில் மூன்று நாள் இருந்தார். கண் திறக்கவில்லை. ஆனால் வலது கை மட்டும் போர்வையின் மேல் அவ்வப்போது மூடும், திறக்கும், மூடும். அம்மா அதைப் பார்த்து, "எதையோ கேக்கிறாரு" என்று சொல்லித் தன் கையை அதற்குள் வைத்துக்கொண்டாள். அது எதைப் பிடிக்கிறது என்று அந்த இடத்தில் எனக்கு மட்டும்தான் தெரிந்தது. இரண்டாம் நாள் வராந்தாவில் அண்ணன் என் எதிரே குத்துக்காலிட்டு உட்கார்ந்து, என் இரண்டு தோள்களையும் பிடித்துக்கொண்டு கேட்டான். "பாப்பா, நைனாகிட்ட சொன்னியா?"

அம்மா பத்தடி தூரத்தில் நின்றிருந்தாள். நான் தலையை ஆட்டினேன், ஆமாம் என்று.

அண்ணன் என் தோளை விட்டான். அப்போது அவன் முகத்தில் வந்தது என்ன என்று எனக்கு அன்று புரியவில்லை. நைனா இறந்த பிறகு புரிந்தது. சொல்லியிருந்தால் நைனா அப்படிப் பிடித்திருக்க மாட்டார். சொல்லியும் இப்படி நடந்ததென்றால், சக்கரம் தானாக இறுகியிருக்க வேண்டும். தானாக இறுகியதென்றால், கட்டியவன் எதையோ விட்டுவிட்டான். எதை விட்டான் என்பதற்கு அவன் சட்டைப் பையிலேயே சாட்சி இருந்தது.

பிரேக்கைக் கட்டியது தான்தான் என்று அண்ணனே எல்லோரிடமும் சொல்லியிருந்தான். பக்கத்து வீட்டுக் கோதண்டம் பெரியப்பா காரியத்துக்கு வந்த கூட்டத்தில் உட்கார்ந்து தீர்ப்பே சொல்லிவிட்டார். "நாங்க எவ்ளோ சொன்னோம், முன்னாடி பிரேக்க நோண்டாதீங்கோன்னு. இறுகிப்போச்சி பாரு. இப்போ யாரு போயி யாரக் கேக்கிறது?" கேட்ட இடத்திலேயே அண்ணன் தலை குனிந்து உட்கார்ந்திருந்தான். அதற்குப் பிறகு எங்கள் கரையில் முன் பிரேக்கைத் தளர்த்தாதவன் ஒருவன்கூட இல்லை. புதிதாக வண்டி வாங்குகிறவனுக்கு எங்கள் நைனாவின் கதையைச் சொல்லித்தான் நட்டைத் திருகினார்கள். நேரில் பார்த்தவர் யார் என்று இனி யாரும் கேட்க வேண்டியதில்லாமல் போயிற்று.

வண்டியைக் கட்டை வண்டியில் போட்டுக் கொண்டுவந்து பின்பக்கம் சாய்த்து வைத்திருந்தார்கள். அண்ணன் அந்தப் பக்கமே போகவில்லை. எல்லோரும் சாப்பிட்டுக்கொண்டிருந்த ஒரு மத்தியானத்தில் நான் போனேன். ஹேண்டில் வளைந்திருந்தது, முன்சக்கரம் மட்டும் தரையில் படாமல் தூக்கிக்கொண்டிருந்தது. கையால் தட்டினேன். சுற்றியது. லிவரை அமுக்கினேன். நின்றது. விட்டேன். மறுபடியும், ராட்டினம்போல, ஒரு குறையும் இல்லாமல் சுற்றியது. நான் அங்கேயே உட்கார்ந்து வாயில் பாவாடையைத் திணித்துக்கொண்டு அழுதேன். எழுந்துபோய் அண்ணனிடம் ஒரு வார்த்தை, "இறுகலண்ணா, நல்லா சுத்துது" என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். சொன்னால் அடுத்த கேள்வி, பின்னே நைனா ஏன் அப்படிப் பிடித்தார் என்பது. அதற்குப் பயந்தேன். பழைய இரும்புக்காரன் வந்து வண்டியை எடுத்துப்போகும்போது, அவன்கூட முதலில் செய்தது முன் பிரேக் ஒயரை அறுத்துவிட்டதுதான்.

அண்ணன் ஃபாக்டரியில் ஃபிட்டர் வேலை வேண்டாம் என்று எழுதிக் கொடுத்து, மூட்டை தூக்கும் ஆளாகப் போனான். பிறகு ஃபாக்டரி கேட்டில் வாட்ச்மேன். ரிடையராகும் வரைக்கும் வாட்ச்மேன். அவ்வளவு கெட்டிக்காரக் கை, அதற்குப் பிறகு வீட்டில் குழாய் ஒழுகினால்கூட ஆளைக் கூப்பிட்டது. என் கல்யாணத்தை அவன்தான் செய்து வைத்தான். என் பிரசவங்களுக்கு அவன்தான் ஓடினான். நைனா இல்லாத குறை எனக்குத் தெரியக்கூடாது என்று அவன் செய்த ஒவ்வொன்றும் என்மேல் ஒரு கல்லாக ஏறியது. ஒவ்வொரு தையிலும் சொல்லிவிட நினைப்பேன். பிள்ளைகள் இருக்கிறார்கள், சம்பந்தி வந்திருக்கிறார்கள், அண்ணனுக்கு உடம்பு சரியில்லை என்று ஏதாவது ஒன்று கிடைத்துவிடும். கோழைக்குக் காரணத்துக்கா பஞ்சம்!

இப்போது நான் பொன்னேரியில் இருக்கிறேன். ரயில்வே கேட் இருந்த வழியில் போய் ரொம்ப நாளாயிற்று. மொட்டை மாடியில் நின்றால் அத்திப்பட்டுப் பக்கத்துப் புகைபோக்கிகள் தெரிகின்றன. சவுக்குத் தோப்பு இல்லை, மூங்கில் கூடை இல்லை, இறால் பெட்டியில் மூடிய லாரியில் போகிறது. நாய்களுக்குத்தான் ஈரக்கோடு இல்லாமல் போயிற்று. கதிரைப் பரப்பும் வழக்கம் மட்டும் அங்கங்கே மிச்சமிருக்கிறது. எந்த வளைவில் எந்தக் கல் என்று பஸ்ஸில் போகும்போது இன்னும் என்னால் கண்ணை மூடிக்கொண்டு சொல்ல முடியும், ஆனால் ரோட்டை அகலப்படுத்தியபோது அந்தக் கல்லையும் எடுத்துவிட்டார்கள்.

போன பொங்கலுக்கு அண்ணன் வரிசை எடுத்துக்கொண்டு வந்திருந்தான், தன் பேரனின் வண்டியில் பின்னால் உட்கார்ந்து. பேரன் கும்மிடிப்பூண்டியில் வேலைக்குச் சேர்ந்து, செகண்ட்ஹேண்டில் ஒரு வண்டி வாங்கியிருந்தான். சாப்பிட்டு முடித்து, வெற்றிலை போட அண்ணன் தன் சுருக்குப் பையை அவிழ்த்துக் கொட்டினான். பாக்கோடு பாக்காக அந்த வாஷர் விழுந்தது. தேய்ந்து, துரு போய், வழவழவென்று.

"இன்னா அண்ணா இது?" என்று கேட்டேன், தெரிந்துகொண்டே.

"உனக்குத் தெரியாதா பாப்பா?" என்றான். "நைனா வண்டியோடது."

அதற்கு மேல் என்னால் முடியவில்லை. எல்லாவற்றையும் சொன்னேன். சொல்லவில்லை என்பதை, தலை ஆட்டியதை, பின்பக்கம் போய்ச் சக்கரத்தைச் சுற்றிப் பார்த்ததை.  அண்ணன் வாஷரைக் கட்டைவிரலால் தடவிக்கொண்டே இருந்தான்.

"நல்லா சுத்திச்சா?" என்றான் கடைசியில்.

"நல்லா சுத்திச்சி அண்ணா. புடிச்சா நின்னுச்சி."

"இறுகல?"

"இறுகல."

"அப்போ நான் நல்லாத்தான் கட்டியிருந்தேன்." அவனுக்கு எழுபது வயது. அந்த முகத்தில் ஒரு நிமிடம் காக்கிச் சட்டைக்காரனின் முகம் வந்துவிட்டுப் போனது. பிறகு என்னைப் பார்த்தான். "இத்தத் தெரிஞ்சி வச்சிக்கினா பாப்பா அம்பது வருசமா என் எதிர்ல குந்தியிருந்த?"

பாக்கை அள்ளிப் பையில் போட்டான், வாஷரைப் போடவில்லை, அதைத் தரையிலேயே விட்டுவிட்டு எழுந்து போனான். அதற்குப் பிறகு அவன் என் வீட்டுக்கு வரவில்லை. போன் செய்தால் எடுப்பதில்லை. அதற்கு அழக்கூட எனக்கு யோக்கியதை இல்லை.

போன வாரம் பேரன் மட்டும் வந்தான், தோட்டத்து முருங்கைக்காயைக் கொடுத்துவிட்டுப் போக. காயைக் கொடுத்தது அண்ணனா, அண்ணியா என்று நான் கேட்கவில்லை. வண்டியை நிறுத்தியதுமே அவன் சலித்துக்கொண்டான்.

"தாத்தாவோட ஒரே பேஜாரா இருக்குது பாட்டி. காலம்பரேலருந்து வண்டிய பிரிச்சிப் போட்டுக்கினு, முன்னாடி பிரேக்கு டைட் பண்ணாரு. யாருகிட்டயோ போயி ஸ்பேனரு வாங்கியாந்துகிறாரு. பண்ணிட்டு, பிரேக்கு டைட்டா இருக்குது, ரெண்டு வெரலு போதும்னு மூணு வாட்டி சொன்னாரு. அப்பறம் அத்தயே என்னிய திருப்பிச் சொல்லச் சொல்லிக் கேட்டுட்டுத்தான் சாவியே குடுத்தாரு. பிரேக்கு டைட் பண்ணா வாயால சொல்லணுமா இன்னா? புடிச்சாத் தெரிஞ்சிட்டுப் போவுது."

"சொல்லணும்பா" என்றேன்.